ஜாலியன்வாலா பாக்கில் ஒரு மாணவி கேட்ட கேள்வி
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் உதவிப் பணம் பெற்றுப் பயிலும் மாணவ மாணவிகளைச் சென்ற அரைப்பரீட்சை விடுமுறையில் வடதேச யாத்திரைக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் மூவருள் யானும் ஒருவன். அதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். தில்லியையும் ஆக்ராவையும் பற்றிக் குழந்தைகளே உங்களுக்கு வேண்டிய மட்டும் சொல்லியிருப்பர். ஆதலின், அமிருதசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக்கில் நாங்கள் கழித்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன்.

1919-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி, வைசாகித் திருநாள். ரௌலட் சட்டத்தை எதிர்த்த கிச்சலு, சத்தியபால் என்னும் தலைவர்கள் ஊரைவிட்டு அகற்றப்பட்டிருந்தனர். அதனைக் கண்டித்து மக்கள் அங்கே கூடினர்; திருவிழாவுக்கு வந்த நாட்டுப்புறத்தாரும் அவர்களுள் பலர். சுற்றிலும் சுவர்களும் வீடுகளும் அடைத்து நிற்கும் அவ்விடத்துள் ஜெனரல் டயர் 50 துப்பாக்கி வீரருடன் நுழைந்தார். கலைந்து செல்க என்று ஒரு சொல்லும் கூறாமலே சுட ஆணையிட்டார். சுமார் 10 நிமிஷத்தில் 1,650 குண்டுகள் பாய்ந்தன. மாண்டவர் 379 பேர் என்பது சர்க்கார் கணக்கு. காங்கிரஸ் விசாரணையோ ஆயிரத்தை ஒட்டிக் கணக்கிட்டது. அடிபட்டுக் கிடந்தவர்க்கு ஒரு வாய்த் தண்ணீர் தரவும் படையினர் நிற்கவில்லை.

இவற்றையெல்லாம் ரயிலிலேயே மாணாக்கர்க்குச் சொல்லியிருந்தேன். ஆயினும், அக்குறுகிய வழியில் நுழைந்தபோது சிலர் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தனர். இருவர் கைத்தொலைபேசியில் தம்மைத் தாமே படம் பிடித்துக்கொண்டனர். எனக்குச் சினம் மூண்டது, அடக்கிக்கொண்டேன். குண்டு துளைத்த செங்கற் சுவரண்டை சென்றதும் பேச்சு தானே நின்றது. மக்கள் உயிர் தப்ப வீழ்ந்த கிணற்றினின்று 120 உடல்கள் எடுக்கப்பட்டன என்று அங்குள்ள பலகை கூறுகிறது. படம் பிடித்த பையன்களுள் ஒருவன் அதனை இரண்டு முறை வாசித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

அத்தருணத்தில், நம் முன்னோரின் தியாகத்தைப் பற்றி யான் ஆயத்தம் செய்திருந்த பிரசங்கத்தைத் தொடங்கினேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைமறித்து, "ஐயா, ஆணையிட்டவர் டயர். சுட்டவர்கள் யார்?" என்று வினவினாள்.

கூர்க்கரும் இந்நாட்டுச் சிப்பாய்களுமே சுட்டவர்கள் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர்களுக்காகப் பரிந்து, "எய்தவன் இருக்க அம்பை நோவானேன், அம்மா?" என்றேன்.

அவள் சிறிது நேரம் சுவரைப் பார்த்திருந்து, "அம்புக்குக் கண் இல்லை, ஐயா; சிப்பாய்க்குக் கண் உண்டே" என்றாள்.

சகோதரர்களே! முப்பதாண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வந்த எனக்கு அப்போது விடை தோன்றவில்லை. ஆணையை மறுக்கும் சிப்பாய்க்குக் கடுந்தண்டனை உண்டு என்பதை யான் அறிவேன், அவளும் அறிந்தவளே. ஆயினும், அக்கேள்வி அதனால் அழிந்துவிடவில்லை.

அன்றிரவு சத்திரத்தில் அனைவரும் வட்டமாக அமர்ந்து இதனையே பேசினோம். அத்துயர நாளுக்கு 3 நாள் முன்பு அதே ஊரில் ஒரு கும்பல் ஐரோப்பியர் ஐவரைக் கொன்றதையும், ஷெர்வுட் என்னும் ஆங்கில மாதை அடித்து வீழ்த்தியதையும், அம்மாதைக் காப்பாற்றியவரும் இந்தியரே என்பதையும் எடுத்துரைத்தேன். பஞ்சாப் கொடுமையைப் பொறாது, வைசிராயின் நிர்வாக சபையில் தாம் வகித்த உயர்பதவியை அதே 1919-ல் உதறிய சர். சங்கரன் நாயரை உடன்வந்த ஆசிரியர் ஒருவர் நினைவூட்டினார். அவர் நம் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாய் இருந்தவர். உடனே, கிணற்றண்டை தலைகுனிந்த அப்பையன், "பெரிய பதவியில் இருப்பவர் விலகலாம்; சம்பளத்துக்கு நிற்கும் சிப்பாய் என்ன செய்வான்?" என்றான். மாணவியோ, "வானத்தை நோக்கிச் சுடலாமே" என்றாள். விவாதம் முடியவில்லை. முடிக்க யானும் முயலவில்லை.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் எல்லாரும் தம்மை மாண்டவர் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறோம். அஃது இயல்பு, அதில் ஓர் ஆறுதலும் உண்டு. ஆனால், துப்பாக்கி பிடித்தவன் நிலையில் தன்னை ஒரு கணம் நிறுத்திப் பாராதவன், அங்குப் போயும் பாதிப் பாடமே கற்றவனாவான்.

இதனை நம் சங்கத்தாரிடம் சொல்லுதற்கு ஒரு காரணம் உண்டு. நம் குலத்தார் பட்ட இடர்களையும் பெற்ற பெருமைகளையும் நம் பத்திரிகையில் மாதந்தோறும் வாசிக்கிறோம், யானும் எழுதியிருக்கிறேன். நம் முன்னோர் எவருக்கேனும் இடர் செய்ததுண்டா, எவரையேனும் கிணற்றடியிலும் வாயிற்படியிலும் தடுத்து நிறுத்தியதுண்டா என்று வினவிய கட்டுரை ஒன்றையும் யான் கண்டதில்லை, எழுதியதும் இல்லை. அந்த மாணவி நாளை நம்மை நோக்கி இதே கேள்வியைக் கேட்பாளாயின், பழமொழி சொல்லித் தப்ப முயல்வது நமக்கு அழகன்று.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளை இத்தகைய இடங்களுக்குத் தயங்காது அனுப்புங்கள். திரும்பி வந்ததும், "என்ன பார்த்தாய்?" என்பதோடு நில்லாமல், "என்ன கேட்டாய்?" என்றும் விசாரியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி நமக்குக் கசப்பாயிருப்பினும் வாயடைக்காதீர்கள்.