நிலத்தின் கீழ் ஓர் ஆறு



கணினித் திரையிலே நகரமொன்றைக் கட்டியெழுப்பும் விளையாட்டுகள் இன்று இளைஞரிடையே பெரிதும் பரவியுள்ளன. 1989ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில் ரைட் உருவாக்கிய ‘சிம்சிட்டி’ இவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. 2015இல் பின்லாந்தில் உருவான ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ நல்லதொரு பாடம் புகட்டுகின்றது. ஆற்றிலே நீரெடுக்கும் இடத்துக்கு மேற்புறமாகக் கழிவுநீரை விட்டால் நகர மக்கள் நோயுறுவர். விளையாடுபவர் பிழையைக் கண்டு குழாயை இடம் மாற்றுவார், நகரம் பிழைத்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் ஓடும் வழுக்கையாறு மட்டுமே உண்டு. எனினும் நமக்கும் ஓர் ஆறு இருக்கின்றது. அது நிலத்தின் கீழே, கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கின்றது.

மாரிமழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. நன்னீர் மட்டம் ஓரடி தாழின், உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட கணக்கு. ஆகவே அளவின்றி இறைப்பது ஆபத்து.

அதனினும் பெரிய ஆபத்து வேறொன்று. மழைநீரை விரைந்து உள்வாங்கும் அதே வெடிப்புகள் மலக்குழியின் கசிவையும், தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றையும் உள்வாங்குகின்றன. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைப்பது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பழைய விதி. சீதனமாகப் பிரிந்து பிரிந்து குறுகிய வளவுகளிலே, நம் குழி 50 அடிக்கு அப்பால் இருந்தாலும், அயலவர் குழி நம் கிணற்றின் அருகிலிருக்கக் கூடும். வெடிப்புள்ள பாறையிலோ அந்த 50 அடியும் முழுக்காப்பாகாது.

வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் வழங்குவதற்கென அது அமைக்கப்பட்டது. இது பெரும்பேறே. ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். வீட்டுக்குள் வரும் நீர் கழிவுநீராகி வெளியேறியே தீரும். வருவதற்குக் குழாய் அமைத்து, போவதற்கு வழி அமைக்காவிடின், பெருஞ்செலவிற் பெற்ற நீரே நம் நிலத்தடி ஆற்றை மாசுபடுத்தும்.

செய்யவேண்டியவை தெளிவானவை. மலக்குழிகளைக் கசியாத தொட்டிகளாக அமைத்தல் வேண்டும். அவற்றிலிருந்து அகற்றும் கழிவைச் சுத்திகரித்தல் வேண்டும். நெருங்கிய குடியிருப்புகளுக்குக் கழிவுநீர்க் குழாய்கள் இடுதல் வேண்டும். குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரை மண்ணுள் இறக்குதல் வேண்டும்.

விளையாட்டிலே நகரம் பாழானால் மீண்டும் புதிதாய்த் தொடங்கலாம். நமக்கோ குடாநாடு ஒன்றே. அதன் அடியிலுள்ள நன்னீரும் ஒன்றே.