பிள்ளை சொல்லும் ரகசியம் ஓர் அமானிதம்

(கணபதியில் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





காய்ச்சல், கண்ணாடி, ஆபரேஷன் என்றால் உதவி கேட்க நாம் தயங்குவதில்லை. "பையன் ஒரு மாசமா சரியாத் தூங்கறதில்லைங்க, யார்கிட்டயும் பேசறதில்லைங்க" என்பதை மட்டும், வந்த வேலையெல்லாம் முடிந்து கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். பெற்றவர்களுக்கே இவ்வளவு தயக்கம் என்றால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும்?

நம் வீடுகள் நெருக்கமானவை. ஒரு வீட்டில் சத்தமாகப் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அத்தா வேலை பார்க்கும் பட்டறையில் மாமாவும் இருப்பார். ஜமாஅத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள். கஷ்ட காலத்தில் இந்த நெருக்கம்தான் நமக்குப் பலம். மனசு சரியில்லாத பிள்ளைக்கோ அதுவே பயமாகிவிடுகிறது. 'சொன்னால் ஊருக்கே தெரியும், அக்காவின் நிக்காஹ் பேச்சில்கூட இது வரும்' என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறது. அப்படி மூடிய வாயால் ஒரு பிள்ளையை நாம் இழந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இன்று பேசுகிறோம்.

பிள்ளைகளே, முதலில் உங்களுக்கு. ரகசியமாக உதவி கேட்க வழி இருக்கிறது. 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று இதற்குப் பெயர். கட்டணம் இல்லை. இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் கேட்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். என்ன பேசுவது என்று குழம்ப வேண்டாம். "மூணு வாரமா தூக்கம் இல்லை, படிக்க முடியலை, யார்கிட்டயாவது பேசணும்" என்றால் போதும்.

அடி, மிரட்டல், தவறான தொடுதல், படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்ற நெருக்கடி இருந்தால், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098 இருக்கிறது. பரீட்சை, ரிசல்ட் பயம் என்றால் 104-லும் பேசலாம். 2021 செப்டம்பரில் நீட் எழுதிய மாணவர்களை 104 ஆலோசகர்களே ஃபோனில் கூப்பிட்டுப் பேசினார்கள். நேரில் போக வேண்டுமானால், திருச்சி ரோட்டில் நம் ஜி.எச்.சில் மனநலப் பிரிவு உண்டு.

சொன்னது வெளியே போகாதா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. அதற்கு எல்லைகளும் உண்டு, அதை மறைக்க மாட்டோம். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், காப்பாற்றுவதற்காகச் சொல்லத்தான் செய்வார்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவமனைச் சிகிச்சை என்று வந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். ஆகவே பேசத் தொடங்கும் முன், "நான் சொல்றதை யார் யார்கிட்ட சொல்வீங்க?" என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி பெற்றோருக்கு. ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியம் அமானிதம் என்பது நாம் அறிந்ததே. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் காக்கிறோம். பெற்ற பிள்ளை சொன்னதை மட்டும் மாமியிடமும் பெரியம்மாவிடமும் "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லி வைக்கலாமா?

நம் வீடுகளில் பல பெண்பிள்ளைகளுக்குத் தனி ஃபோன் கிடையாது. அம்மாவின் ஃபோனில்தான் பேச வேண்டும். "இந்தா, மாடியில போய்ப் பேசிட்டு வா" என்று கொடுங்கள். பிறகு அந்த நம்பர் யாருடையது என்று நோண்டாதீர்கள். ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்தால், "என்ன பேசினே?" என்று குடையாமல், "மனசுக்குப் பரவாயில்லையா? அடுத்த தடவையும் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேளுங்கள். வெளியாளிடம் பேசுவதால் பிள்ளை குடும்பத்தைக் காட்டிக் கொடுத்துவிடவில்லை. பல பிள்ளைகள் பெற்றோரை வேதனைப்படுத்தக் கூடாதென்றே வெளியே சொல்கிறார்கள்.

'ஈமான் பலமாக இருந்தால் இதெல்லாம் வருமா?' என்று சிலர் கேட்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர், உடல் நலத்தையும் மன நலத்தையும் ஒரே நூலில் எழுதி வைத்தார். கவலையும் மனச்சோர்வும் கவனிக்க வேண்டிய நோய்கள் என்றே பார்த்தார். தொழுங்கள், துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. "இருக்கவே பிடிக்கலை" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது காக்க வேண்டிய ரகசியம் அல்ல. உங்கள் தோழனோ தோழியோ சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாலும், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் உயிரோடு இருப்பார்கள். பெரியவர்கள் அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அவசரம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டம்.

இன்று வீட்டுக்குப் போனதும் 14416, 1098 இரண்டையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். யாருக்காக என்று சொல்ல வேண்டாம். தேவைப்படும் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

நம் பிள்ளைகளின் மனசுக்கு அல்லாஹ் நிம்மதியைத் தருவானாக. ஆமீன்.