கூடலூர் தராசும் டெல்லி கிலோவும்

இன்னிக்கு எபிசோடில் ஒரே ஒரு எண்ணைப் பத்திப் பேசப் போறோம்: 9.8. மேலேருந்து விழுற பொருளோட வேகம் ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு கூடுதுங்கிற கணக்கு. ஸ்கூல்ல ‘ஜி’ன்னு படிச்சிருப்போம்.

1901-ல் உலக நாடுகள் கூடி 9.80665-ன்னு ஒரு பொது மதிப்பை வச்சாங்க. அது பேசி முடிவு செஞ்ச எண். நிஜத்தில் ஜி ஊருக்கு ஊர் மாறும். பூமி சுத்துறதாலயும், நடுவுல கொஞ்சம் புடைச்சிருக்கிறதாலயும், பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு குறைவு. கணக்குப் போட்டா டெல்லியில் சுமார் 9.79, நம்ம கூடலூர்ல சுமார் 9.78. மலையேறிக் குமுளி போனா இன்னும் துளி குறையும்.

இதனால நமக்கு என்ன? பழைய தட்டுத் தராசுக்கு ஒண்ணுமில்லை. ஈர்ப்பு குறைஞ்சா ரெண்டு தட்டுக்கும் சேர்ந்தே குறையும். ஆனா எலெக்ட்ரானிக் தராசு அப்படியில்லை. அது அளக்கிறது பொருள் கீழே அழுத்துற விசையை. அதை வச்சுத்தான் கிலோவைக் கணக்குப் பண்ணிக் காட்டுது. டெல்லியில் சரிபார்த்த தராசை அப்படியே இங்கே கொண்டுவந்தா, 100 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 100 கிராம் குறைச்சுக் காட்டும். டன்னுக்கு ஒரு கிலோ. திராட்சையில அது பெருசா தெரியாது. கிலோ ஆயிரத்துக்கு மேல விக்கிற ஏலக்காய்ல தெரியும்.

சரி, ஜி-யை எப்படித் துல்லியமா அளக்கிறாங்க? அந்தக் காலத்தில் ஊசல். பெரிய நில அளவைப் பணியில் கேப்டன் பசேவி 1865-லிருந்து ஊசல் பெட்டியோட இந்தியா முழுக்க அலைஞ்சார். 1871 ஜூலையில், லடாக்ல 15,000 அடிக்கு மேல குளிர்ல அளந்துக்கிட்டிருந்தப்பவே இறந்துபோனார்.

இப்போ வெற்றிடக் குழாய்க்குள்ள ஒரு கண்ணாடியைக் கீழே விடுறாங்க. விழுற தூரத்தை லேசர் அளக்கும், நேரத்தை அணுக் கடிகாரம் சொல்லும். ஒன்பதாவது இலக்கம் வரை துல்லியம் கிடைக்குது. ஆனா ஜி-யை எடைக்கல் மாதிரி பீரோவில் பூட்டி வைக்க முடியாது. அதனால பல நாட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் வச்சு ஒப்பிடுறாங்க. 1981-ல் பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற ஊர்ல ஆரம்பிச்ச வழக்கம் அது.

2019 மே 20-லிருந்து இதுக்கு இன்னொரு தேவையும் வந்திருக்கு. கிலோவோட வரையறை இப்போ உலோக உருளை இல்லை, பிளாங்க் மாறிலி. அதிலிருந்து கிலோவை உருவாக்கிற கிப்பிள் தராசுக்கு, அது நிக்கிற இடத்தோட ஜி துல்லியமா தெரிஞ்சாகணும்.

நம்ம ஊர் மண்டிக்கு இந்தக் கருவியெல்லாம் வேண்டாம். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிற மூல அளவோட படிப்படியா ஒப்பிட்ட எடைக்கல், தராசு இருக்கிற இடத்துக்கே வரணும். அதை வச்சு அங்கேயே சரிபார்த்துட்டா ஊர் வித்தியாசம் கணக்கில் அடங்கிடும். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை கட்டாயம். தமிழ்நாட்டில் அதைப் பார்க்கிறது தொழிலாளர் துறை.

ஆக, அடுத்த தடவை சரக்கு போடும்போது ரெண்டு கேள்வி கேளுங்க: ‘இந்த வருஷ முத்திரை இருக்கா? தராசு இதே ஊர்லதான் சரிபார்த்ததா?’ கேக்கிறதுல தப்பே இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.