குச்சியை வளைப்பது தண்ணீரா, கையா?

(ஒரு கிராமக் கூட்டத்தில் பேசிய பேச்சின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதோ, புராணத்தைப் பற்றியதோ அல்ல. பூமிக்குள் தண்ணீர் இருக்குமிடத்தைக் குச்சி பிடித்துச் சொல்லுகிறார்களே, அதைப் பற்றியதேயாகும். கிணறு வெட்டுவதானாலும் போர் போடுவதானாலும் முதலில் நீரோட்டம் பார்ப்பவரைத் தேடுவது நம் நாட்டில் இன்றும் வழக்கமாகவே இருக்கின்றது. ஒருவர் வேப்பங்கவையைப் பிடித்து நடக்கிறார். மற்றொருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடக்கிறார். கவை வளைகிறது, தேங்காய் எழுந்து நிற்கிறது. உடனே அங்கே முளை அடித்து, பெண்டாட்டி நகையை அடகு வைத்து, போர் லாரியை வரவழைத்து விடுகிறார்கள். தண்ணீர் வந்தால் பார்த்தவர் கெட்டிக்காரர். வராவிட்டாலோ, குடியானவனுக்கு யோகமில்லை! இந்தக் கணக்கில் நீரோட்டம் பார்ப்பவர் ஒருநாளும் தோற்பதில்லை. தோற்பவன் கடன் வாங்கினவன் ஒருவனேயாவான்.

“சுயமரியாதைக்காரர்கள் எதைச் சொன்னாலும் பொய் என்பார்கள்” என்று சிலர் நினைக்கலாம். ஆராயாமல் நம்புவது எவ்வளவு மூடத்தனமோ, ஆராயாமல் சிரித்துத் தள்ளுவதும் அவ்வளவு மூடத்தனமே என்பதுதான் நமது அபிப்பிராயம். குச்சி வளைவது நிஜம், ஒப்புக்கொள்ளுகிறோம். பிடிப்பவர்களில் அநேகர் மோசக்காரர்களும் அல்ல. அதை வளைப்பது தண்ணீரா, கையா என்பதே நமது கேள்வி.

இக்கேள்வியைப் பிரஞ்சு ரசாயன நிபுணர் ஷெவ்ரோல் தம்மையே கேட்டுக்கொண்டார். நூலில் கட்டிய குண்டைப் பாதரசத்துக்கு மேலே பிடித்தார், ஆடிற்று. இடையில் கண்ணாடித் தகட்டை வைத்தார், நின்றது. சாதாரண மனிதர் இத்தோடு “சக்தி இருக்கிறது” என்று சொல்லியிருப்பார். அவரோ தம் கண்ணைக் கட்டிக்கொண்டு, தமக்குத் தெரியாமல் பிறரைத் தகட்டை வைக்கவும் எடுக்கவும் சொன்னார். அப்போது தகட்டுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. மனதில் எதிர்பார்ப்பது தெரியாமலே கையை அசைக்கிறது என்று 1833இல் வெளியிட்டார். கவைக்குச்சியும் அப்படியே. இரண்டு கிளைகளையும் விரித்து இறுக்கிப் பிடித்திருக்கையில், மணிக்கட்டு எள்ளளவு திரும்பினாலும் குச்சி விசையோடு துள்ளும்.

“அவர் ஒருவரது பரீட்சை போதுமா?” என்பீர்கள். 1987, 1988ஆம் வருஷங்களில் ஜெர்மனியில் ம்யூனிச் நகரத்தின் அருகே, அரசாங்கப் பணத்தில் பெரிய பரீட்சையே நடந்தது. வந்த சுமார் 500 பேரில் மேலானவர்கள் என்று 43 பேரைப் பொறுக்கினார்கள். ஒரு கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை வண்டியில் வைத்து, 10 மீட்டர் நீளத்துக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மாடியில் நடந்தவர்கள் குழாய் எங்கே என்று சொல்லவேண்டும். இப்படி 843 தடவை பார்த்தார்கள். நடத்தியவர்கள், ஒருசிலருக்குத் திறமை உண்டு என்றே எழுதினார்கள். அதே கணக்கை அமெரிக்கப் பேராசிரியர் என்ரைட் எடுத்து ஆராய்ந்து 1999இல் வெளியிட்டதில், ஒரு வரிசையில் தேறினவர்கள் மறு வரிசையில் தேறவில்லை என்றும், மொத்தத்தில் குருட்டுவாக்கில் சொல்லுவதற்கு மேல் ஒன்றுமில்லை என்றும் தெரிந்தது.

“பின் எங்கள் ஊரில் தண்ணீர் வந்ததே?” என்றால், மண்ணும் மணலும் ஆழமாக உள்ள இடத்தில் எங்கே தோண்டினாலும் ஓர் ஆழத்தில் தண்ணீர் வரும். ஆனால் தமிழ்நாட்டில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட கடும்பாறை. அங்கே தண்ணீர் மக்கின பாறையிலும் வெடிப்புகளிலுந்தான் நிற்கும். நான்கு கம்பிகளை ஊன்றி மின்சாரம் பாய்ச்சி, பூமியின் தடையை அளந்து பார்க்கும் முறை இதற்காகவே உண்டு. அதுவும் சில சமயம் தவறும். ஆனால் எப்படிப் பார்த்தோம் என்று காரணம் சொல்லும். தவறினால் உங்கள் யோகத்தின்மேல் பழி போடாது.

பழைய அனுபவத்தையும் நாம் தள்ளவில்லை. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மரத்தையும் புற்றையும் கண்டு தண்ணீர் பார்ப்பதற்கென ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதில் உள்ளதெல்லாம் சரியல்ல. என்றாலும் சில செடிகொடிகள் ஈரத்தைக் காட்டும் என்பது உண்மை. நாற்பது வருஷம் நிலத்தைப் பார்த்த கிழவரின் கண்ணுக்கு மதிப்புண்டு. அந்த மதிப்பைக் கண்ணுக்குக் கொடுங்கள். குச்சிக்கு ஏன் கொடுக்கவேண்டும்?

சீமையிலும் இக்கூத்து உண்டு. ஆல்பிரட் வாட்கின்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் 1921இல், பழைய கற்களும் மேடுகளும் கோயில்களும் நேர்கோட்டில் இருப்பதாகவும் அவை பழங்காலத்துப் பாதைகள் என்றும் சொன்னார். அவர் சொன்னது பாதையை மாத்திரமே. 1960களுக்குப் பின் வந்தவர்கள் அதைப் பூமியின் சக்திக்கோடு ஆக்கி, குச்சி பிடித்து அளக்கவும் தொடங்கினார்கள். தரையில் இரண்டு கைப்பிடி கம்பை இறைத்துப் பாருங்கள். எத்தனையோ நேர்கோடு கிடைக்கும்!

இங்கேயும் பஞ்சபூதக் கோயில்கள் ஒரே தீர்க்கரேகையில் இருப்பதாகப் பரப்புகிறார்கள். காளத்தி, காஞ்சி, சிதம்பரம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே ரேகையில் இருப்பது உண்மையே, மறைக்கமாட்டோம். ஆனால் திருவண்ணாமலை அதற்கு மேற்கே 60 கிலோமீட்டருக்கு மேலும், திருவானைக்காவல் 100 கிலோமீட்டருக்கு மேலும் தள்ளியிருக்கின்றன. பொருந்தியதைச் சொல்லி, பொருந்தாததை விழுங்குவதே இவர்கள் ஆராய்ச்சி!

ஆகையால் தோழர்களே, நம் பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். காசு செலவில்லாத பரீட்சை ஒன்று சொல்லுகிறோம். நீரோட்டம் பார்ப்பவர் குறித்த இடங்களை நீங்கள் அளந்து எழுதிக்கொண்டு, முளைகளைப் பிடுங்கிவிடுங்கள். அவர் சம்மதத்தோடு கண்ணைக் கட்டி, அதே நிலத்தில் வேறு பக்கத்திலிருந்து நடத்துங்கள். பூமிக்குள் தண்ணீர் அதற்குள் ஓடிப்போகாது. அதே இடங்களில் குச்சி மறுபடி வளையவேண்டும். அன்றியும் ஊரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யார் பார்த்தார், எத்தனை அடி, தண்ணீர் வந்ததா என்று வந்ததையும் வராததையும் எழுதிவையுங்கள். குச்சி ஜெயித்தால் அதையும் பகிரங்கமாய்ச் சொல்லுவோம். அதில் நமக்கு வெட்கமில்லை. பரீட்சைக்கு வரமாட்டேன் என்கிற குச்சியை நம்பி மாத்திரம் நகையை அடகு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.