புராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று உதவித்தொகை பெறுவோரில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். டேட்டாபேஸுடன் இணைந்த இணையதளம் உருவாக்குவது உங்கள் பாடங்களில் ஒன்று. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் பெற்றோருக்கு. ரயில் டிக்கெட் எடுக்கும் இணையதளத்தைப் பார்த்திருப்பீர்கள். திரையில் தெரிவது கவுன்ட்டர்தான். எந்த இருக்கை யாருக்கு என்ற பேரேடு பின்னால் இருக்கிறது, அதுதான் டேட்டாபேஸ். கவுன்ட்டரில் கேட்பதைப் பேரேட்டில் தேடி எடுத்துத் தரும் நிரலை எழுதத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள்.

நம் அலுவலகப் பேரேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் விண்ணப்பித்தால் முகவரியை மூன்று இடத்தில் எழுதுகிறோம். வீடு மாறினால் மூன்றையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறைக்கு, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரை அடித்தளமிட்டது. குடும்பத்துக்கு ஓர் அட்டவணை, மாணவருக்கு ஒன்று, வழங்கிய தொகைக்கு ஒன்று. முகவரி குடும்ப அட்டவணையில் மட்டும் இருக்கும். மற்றவை எண்ணால் அதோடு இணையும். பெயரால் இணைக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். நம் தெருவில் எத்தனை முஹம்மது, எத்தனை ஃபாத்திமா!

இந்த அட்டவணைகளைக் காகிதத்தில் வரைந்த பிறகே கணினியைத் தொடுங்கள்.

கடைசி ஆண்டில், தயார் செய்த புராஜெக்டை விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பெற்றோர் கடன்பட்டாவது பணம் கொடுக்கிறார்கள். "இந்த அட்டவணையில் இந்த எண் எதற்கு?" என்று தேர்வாளர் கேட்டால், வாங்கி வந்தவர் விழிப்பார். வேலைக்கான நேர்காணலிலும் அதே கதைதான். பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் இரண்டும் 1995 முதல் இருப்பவை, இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய மடிக்கணினி போதும். விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியைத் தேடி இரவில் பாதி போகும். போகட்டும், அந்த இரவில்தான் படிப்பு மண்டையில் ஏறும். பெற்றோரும் என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிது. நம் பேரேட்டில் யார் விதவை, யார் வீட்டில் கட்டணம் கட்டவில்லை என்பதெல்லாம் இருக்கிறது. அது அமானிதம். பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவன் பெயருக்குப் பதிலாக ஒரு மேற்கோள் குறியையும் கட்டளையில் ஒரு துண்டையும் எழுதுகிறான் என்று வையுங்கள். கவனமின்றி எழுதிய நிரல் அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு மொத்தப் பட்டியலையும் அவனிடம் நீட்டிவிடும். இதற்கு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். பயனர் எழுதுவதைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியே அனுப்பும் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' முறையைக் கேட்டுப் படியுங்கள். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காதீர்கள், பி.எச்.பி.யிலேயே அதை ஹாஷ் செய்து வைக்க வசதி உண்டு. விலைக்கு வாங்கிய புராஜெக்டில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுபவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள். பேரேட்டின் தலைப்புக் கட்டங்களை மட்டும் காட்டுகிறேன். பெயர்களை நீங்களே கற்பனையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.