கடன் தள்ளுபடி: யாருடைய பணம்?
(சின்னக்கானலில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நேற்று மாலை ஆனையிறங்கல் அணைக்கரையில் நின்றுகொண்டிருந்தபோது நம் இளைஞர் ஒருவர் கேட்டார்: "மாமா, கேரளா கவர்மென்டுக்கு இத்தனை கடன்ங்கறாளே, சென்ட்ரல் கவர்மென்ட் ஒரு கையெழுத்துல தள்ளுபடி பண்ணிட்டா என்ன?" 34 வருஷம் இந்த மாநில அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவன் நான். ஆனாலும் உடனே பதில் வரவில்லை. ராத்திரி யோசித்ததை இப்போது சொல்கிறேன். கட்சி பேசமாட்டேன் என்று செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

முதலில் கடன் கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கெல்லாம் மத்திய அரசுதான் கடன் கொடுக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். ஒரு காலத்தில் பெரும்பகுதி அப்படித்தான் இருந்தது. இப்போது மாநிலங்கள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கி மூலம் கடன் பத்திரங்களை ஏலம் விட்டுப் பணம் திரட்டுகின்றன. அவற்றை வாங்குவது வங்கிகள், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள், பிராவிடண்ட் பண்டுகள். கேரளத்தில் இன்னொரு விசேஷம், டிரஷரி சேவிங்ஸ் பேங்க். நம்மில் எத்தனை பேருக்கு டிரஷரியில் டெபாசிட் இருக்கிறது? கை தூக்குங்கள், பார்க்கலாம். எனக்கும் இருக்கிறது. அந்த டெபாசிட்டும், அரசு ஊழியர்களின் பி.எப். பணமும் மாநில அரசின் கடன் சுமையில் அடக்கம். ஆகவே "எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்" என்றால், இங்கே கை தூக்கியவர்களின் பணத்தையும் சேர்த்துத்தான்!

இந்த ஊர்க்காரர்களுக்கு அரிக்கொம்பனைத் தெரியும். 2023 ஏப்ரலில் இங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பத்துக்குள் புகுந்தது. ஜூன் மாதம் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் கொண்டுபோய் விட்டது. கடனும் அப்படித்தான். காடு மாறும்; காணாமல் போகாது.

இது வெறும் வாதம் அல்ல. இலங்கை அரசு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. மறு வருஷம் உள்நாட்டுக் கடனையும் சீரமைத்தார்கள். வங்கிகள் கையிலிருந்த அரசுப் பத்திரங்களைத் தொடவில்லை; தொட்டால் வங்கிகள் ஆட்டம் காணும் என்றார்கள். தொட்டது தொழிலாளர்களின் சேமலாப நிதியை. பழைய பத்திரங்களைக் கொடுத்து, 2025 வரை 12 சதவிகிதமும் அதற்கப்புறம் 9 சதவிகிதமும் வட்டி தரும் புதுப் பத்திரங்களை வாங்கிக்கொள், இல்லாவிட்டால் பத்திர வருமானத்துக்கு 30 சதவிகித வரி கட்டு என்று சட்டம் போட்டார்கள். அந்த நிதியில் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் பணமும் இருக்கிறது. நேற்று சூரியநெல்லி வழியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தோமே, அவர்களைப் போன்றவர்கள். எந்தக் கடன் பத்திரத்திலும் அவர்கள் கையெழுத்துப் போட்டதில்லை.

அப்படியானால் நிவாரணமே கூடாதா? அதுவும் சரியில்லை. நம் நாட்டிலேயே ஒழுங்காக நடந்த நிவாரணம் ஒன்று உண்டு. ஸ்ரீ சி. ரங்கராஜன் தலைமையிலான 12-ஆவது நிதிக் கமிஷன், மாநிலங்கள் 2004 மார்ச் வரை மத்திய அரசிடம் வாங்கியிருந்த கடன்களில் பாக்கி நின்றதை ஒன்றாகச் சேர்த்து, 20 வருஷத் தவணை, 7.5 சதவிகித வட்டி என்று மாற்றச் சொல்லிற்று. சும்மா அல்ல. நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்ற வேண்டும். வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைத்தால் அதற்கேற்றபடி தவணையிலும் தள்ளுபடி. கேரளமும் தமிழ்நாடும் 2003-லேயே அந்தச் சட்டத்தைப் போட்டிருந்தன. மேற்கு வங்காளம் 2010-ல்தான் போட்டது. கொடுத்தது மத்திய அரசு, வாங்கியது மாநில அரசு. நடுவில் எந்தத் தொழிலாளியின் சேமிப்பும் இல்லை. இந்த மாதிரி நிவாரணத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மத்திய அரசுக்குத் தர வேண்டிய கடனில் ஒரு பகுதி பாக்கி இருந்தாலும், அதன் சம்மதம் இல்லாமல் மாநிலம் புதுக் கடன் வாங்கக் கூடாது. அரசியல் சாசனம் 293-ஆவது பிரிவு சொல்வது இது. கேரளம் 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதும் இந்தச் சம்மதத்தையும் கடன் உச்சவரம்பையும் பற்றித்தான். 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி இடைக்கால நிவாரணம் மறுத்து, வழக்கை ஐந்து நீதிபதிகள் பெஞ்சுக்கு அனுப்பினார்கள். ஆக, பழைய பாக்கி சிறியதானாலும் அதுதான் மூக்கணாங்கயிறு.

வயநாட்டில் 2024 ஜூலை 30-ஆம் தேதி முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் மண்ணோடு போயின. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு 529.50 கோடி ரூபாய் அனுமதித்தது. மானியமாக அல்ல, 50 வருஷ வட்டியில்லாக் கடனாக. மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வட்டி இல்லையே, நல்லதுதானே என்று நம் நண்பர் ஒருவர் சொன்னார். வட்டி இல்லை, வாஸ்தவம். ஆனால் 50 வருஷம் பாக்கி நிற்கும். பாக்கி நிற்கும் வரை கயிறும் நிற்கும். இங்கிருந்து தூரமில்லாத பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் தோட்ட லயங்கள் மண்ணுக்கடியில் போய் 70 பேர் மாண்டார்கள், அத்தனையும் நம் தமிழ் ஜனங்கள். இத்தகைய இழவுக்குக் கடன் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. கொடுத்ததைத் தள்ளுபடி செய்வதே முறை.

கேரளத்தின் மேல் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வருமானத்தின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் வட்டிக்குமே போகிறது. என் பென்ஷனும் அதில் சேர்த்தி. ஆகையால் அதிகம் பேச எனக்கு வாய் இல்லை. ஆனால் பங்கு குறைந்ததும் நிஜம். மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகையில் கேரளத்துக்கு 10-ஆவது கமிஷன் 3.875 சதவிகிதம் கொடுத்தது. 15-ஆவது கமிஷனில் அது 1.925 ஆயிற்று. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குக் கிடைத்த பரிசு! சேர வேண்டியதைக் கேட்பது வேறு, தள்ளுபடி கேட்பது வேறு. முதலாவதை உரக்கக் கேட்கலாம்.

அந்த இளைஞர் முன் வரிசையில்தான் இருக்கிறார். தம்பி, மத்திய அரசு நேரே கொடுத்த கடனா, அதிலும் பிணம் எடுத்த ஊருக்குக் கொடுத்த கடனா, தள்ளுபடி கேள். மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். மார்க்கெட்டில் வாங்கிய கடனா, அதைத் தவணை தவறாமல் கட்டச் சொல். அதில் உன் அப்பாவின் பி.எப். இருக்கிறது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.