அப்பென்டிக்ஸுக்கு ஒப்பரேஷன் வேண்டாமா?
(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் லயங்களில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. "அப்பென்டிக்ஸுக்கு வெட்டத் தேவையில்லையாம், மாத்திரையிலேயே சுகமாகுமாம்" என்கிறார்கள். இது பொய்யல்ல; பாதி உண்மை. பாதியை நம்பி லயத்திலேயே படுத்துக் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முழுவதையும் பேசுவோம்.

குடல்வளரி என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் விரல் போலத் தொங்கும் சிறு குழாய். அது அழற்சியுற்று வீங்குவதே இந்த நோய். நூறு வருடங்களுக்கு மேலாக இதற்கு வைத்தியம் என்றால் வெட்டி எடுப்பதுதான்.

பின்லாந்து நாட்டு வைத்தியர்கள் 530 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒப்பரேஷனும் மறு பகுதியினருக்கு அன்டிபயோட்டிக் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு ஒரு வருடம் வரை ஒப்பரேஷன் தேவைப்படவில்லை. ஐந்து வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 39 பேர் ஒப்பரேஷனுக்குப் போயிருந்தார்கள்.

நாட்கூலிக்காரர்களான நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மருந்து பெற்றவர்கள் பெரும்பாலும் 7 நாளும், ஒப்பரேஷன் செய்தவர்கள் 19 நாளும் வேலைக்குப் போகவில்லை. அங்கே அநேகமாக வயிற்றைத் திறந்தே ஒப்பரேஷன் செய்தார்கள். சிறு துளை வழியாகச் செய்தால் சீக்கிரம் எழும்பலாம். எப்படியானாலும், பேர் விழாத ஒவ்வொரு நாளும் நம் அடுப்பில் தெரியும்.

சரி, மறைந்திருக்கும் மறு பாதி என்ன? அந்த நோயாளிகள் எல்லோருக்கும் முதலில் சீ.டி. ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வளரி வெடித்தவர்களையும், உள்ளே கல் போன்ற அடைப்பு உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அதன் பிறகே ஏழு நாள் மாத்திரை. நிலைமை மோசமானால் வெட்டுவதற்குச் சத்திரசிகிச்சை நிபுணர் பக்கத்திலேயே இருந்தார்.

அமெரிக்காவில் 1552 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. அதில் மருந்து பெற்றவர்களில் பத்தில் மூவருக்கு 90 நாளுக்குள் ஒப்பரேஷன் தேவைப்பட்டது. கல் இருந்தவர்களில் பத்தில் நால்வருக்கு.

ஆகவே தோழர்களே, இது ஆஸ்பத்திரியில் செய்யும் வைத்தியம். அலுமாரியில் மிச்சமிருக்கும் மாத்திரையால் ஆகிற காரியமல்ல. மருந்தா, ஒப்பரேஷனா என்று வைத்தியரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கும்போது நம் வீடு எத்தனை கட்டை தூரத்தில், எப்படிப்பட்ட ரோட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். வலி திரும்பி வந்தால் இரவோடிரவாக வந்து சேர முடியுமா என்பதையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி, காய்ச்சல், இருமினால் குத்தும் வலி: இவை அடையாளங்கள். எல்லோருக்கும் எல்லாம் வராது. பேதி மருந்து கொடுக்காதீர்கள். எண்ணெய் போட்டு வயிற்றை உருவாதீர்கள். வலி திடீரென்று குறைந்தால் சுகம் என்று நினைக்காதீர்கள், வெடித்திருக்கவும் கூடும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவை: வயிற்று வலியோடு வருகிறவரை வலி மாத்திரை கொடுத்து மலைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. அம்புலன்ஸ் ஏற முடியாத டிவிஷன்களுக்கு இரவிலும் தோட்ட வாகனம் தர வேண்டும். ஒப்பரேஷன் செய்தவரை, வைத்தியர் சொன்ன நாளுக்கு முன் கொழுந்துச் சாக்கு தூக்க வைக்கக் கூடாது.

இவற்றை அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் எழுத்தில் கொடுப்போம். இன்று வீடு திரும்பியதும், பக்கத்து லயத்துக்கும் இதைச் சொல்லுங்கள்.